மூன்றாவது பலகைக்குப் பின்னால்

லேத்தம் வீடு, கோவ்ஸ் எண்ட்
8 செப்டம்பர் 1952, திங்கள்

ஏனோக்,

சொந்த அண்ணனுக்கு 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. வெறும் பெயரோடு விட்டுவிட்டேன். நீ சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் மூன்று வாரம் ஆகிறது. உனக்காகச் சுட்ட மீனை மறுநாள் பூனைக்குப் போட்டேன்.

என் கணவரை அவர் மேசையில் வைத்தே, விழாக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் முன்னால் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வின்ஸ்லோ, இந்தக் கணப்புல தீ மூட்டாதய்யா. மூட்டினா உன்னை மாதிரி முட்டாள் இந்தக் கரையிலயே கிடையாது." அவர் முதலில் சிரித்தார். பிறகுதான், "பெக்கெட் வீட்டுக்காரன் உன்கிட்ட என்ன சொல்லி அனுப்பினான்?" என்று கேட்டார். போன வருடம் நீ பெக்கெட் வீட்டுப் புகைபோக்கியைச் செப்பனிட்டுக் கொடுத்தது ஊருக்கே தெரியும். அவர் அப்படிக் கேட்டது தப்பா?

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இந்த வீடு 1659 என்று இவர்கள் குடும்பம் சொல்கிறது. பக்கத்து ஊரில் இருக்கும் பெக்கெட் வீடு 1661. இரண்டு வருட வித்தியாசத்துக்காக இரண்டு ஊரும் நூறு வருடமாக முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அக்டோபர் 18ஆம் தேதி எங்கள் வாசலில் பித்தளைப் பலகை பதிக்கப் போகிறார்கள், இந்தக் கரையில் நிற்கும் வீடுகளிலேயே பழையது என்று. வின்ஸ்லோவின் தாத்தா ஆசைப்பட்டது, அப்பா ஆசைப்பட்டது. இந்த மாதம் 20ஆம் தேதியிலிருந்து வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுகிறோம். கூடத்துப் பெரிய கணப்பில் தினமும் தீ எரியும், சங்கிலியில் இரும்புப் பானை தொங்கும், அந்தக் காலத்து மாதிரியே. நீ அதைத்தான் கெடுக்கப் பார்த்தாய்.

ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு நான் "ஏன்?" என்று கேட்டேன். நீ காரணம் சொல்லியிருந்தால் உன் பக்கம் நின்றிருப்பேன். நீ தட்டைப் பார்த்தாய்.

ரோடா


ரேவன் தீவு, மெய்ன்
12 செப்டம்பர், வெள்ளி

அன்புள்ள ரோடா,

நான் எழுதத் தெரிந்தவன் இல்லை. கல்லும் கரணையும் பிடிக்கிற கை.

இங்கே கலங்கரை விளக்கக்காரர் வீட்டில் இரண்டு புகைபோக்கி கட்டுகிறேன். அக்டோபர் பாதி வரை வேலை. தொலைபேசி கிடையாது. டிங்லியின் தபால் படகு செவ்வாயும் வெள்ளியும் வரும். அரை மணி நிற்கும். அவ்வளவுதான்.

பெக்கெட் எனக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. எந்த வீடு பழையது என்று எனக்கு அக்கறை இல்லை. இரண்டுமே களிமண் சாந்தில் கட்டியவை. களிமண் காய்ந்தால் பொடியாகும். அந்தக் காலத்து ஓக் மரம் முந்நூறு வருடம் காய்ந்த மரம். கணப்பின் வாய்க்கு மேலே குறுக்கே கிடக்கும் விட்டம் எத்தனை சூட்டைப் பார்த்திருக்கும், நீயே யோசி. உன் மாமனார் வருடத்துக்கு ஒரு நாள், நவம்பர் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு, சின்னதாக மூட்டுவார். அது வேறு. தினமும் எரிப்பது வேறு.

வின்ஸ்லோ கேட்க மாட்டான் என்றால் இதையாவது செய். மூன்று கட்டைக்கு மேல் போடாதே. பின்சுவரை ஒட்டி அடுக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எரிய விடாதே.

அன்று நான் பேசிய விதம் தப்பு. விஷயம் தப்பில்லை.

ஏனோக்


லேத்தம் வீடு
28 செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள ஏனோக்,

கோபம் பாதி போய்விட்டது. மீதியையும் இந்தக் கடிதத்திலேயே தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

எட்டு நாளில் நானூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்! வின்ஸ்லோ பழைய தோல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கணப்புப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறார். நீ பார்த்தால் சிரிப்பாய். நேற்று ஒரு அம்மாள், "இந்த வீட்டுல பேய் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கே, என் மாமியார். ஆனா அவங்க தேங்க்ஸ்கிவிங்குக்கு மட்டும்தான் வருவாங்க" என்று அவர் மாமியாரை இழுக்க, எல்லோரும் சிரித்தார்கள். நம் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவரைத் துடைப்பத்தால் அடித்திருப்பாள்.

உன் மூன்று கட்டை பேச்சைச் சொன்னேன். "மூணு கட்டையில காபிகூடக் கொதிக்காது" என்றார். ஆறோ ஏழோ போடுகிறார். மழை நாளில் இன்னும் அதிகம்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சின்னச் சின்னதாகச் சில விஷயம், உன்னிடம் சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன். கணப்புக்கு இடது பக்கச் சுவர் அலமாரியில் வெண்ணெய் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை எடுத்தால் எண்ணெயாக ஓடுகிறது. கூடத்தில் ரொட்டியின் அடிப்பக்கம் கருகினால் வருமே, அந்த வாசனை. காலையில் எழுந்ததும் வருகிறது, தீ மூட்டுவதற்கு முன்பே. வின்ஸ்லோ, "அது முந்நூறு வருஷத்து வாசனை, வர்றவங்க அதுக்குத்தான் வர்றாங்க" என்கிறார்.

அப்புறம் குளவி. வெளியே பனி விழ ஆரம்பித்தாகிவிட்டது, ஆனால் பலகைச் சுவரின் இடுக்கிலிருந்து குளவிகள் வருகின்றன, ஜூலை மாதம் மாதிரி சுறுசுறுப்பாக. இன்று மட்டும் பதினான்கைத் தட்டிக் கொன்றேன். ஒரு பெண்ணைக் கொட்டிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ தலையில் கை வைத்துக்கொள்ளாதே. அந்த ஊர்க் காற்று எப்படி இருக்கிறது என்று எழுது.

ரோடா


ரேவன் தீவு
3 அக்டோபர், வெள்ளி

ரோடா,

நேரம் இல்லை. படகு நிற்கிறது. சொல்வதைக் கேள்.

இது கிடைத்த மறுநாள் காலை, ஒருவரும் எழுந்திருப்பதற்கு முன், தீ மூட்டுவதற்கு முன், இடது பக்கப் பலகைச் சுவரில் கை வை. கணப்பிலிருந்து மூன்றாவது பலகை, உன் தோள் உயரத்தில். உள்ளங்கை முழுவதும் பதியும்படி. இருபது எண்ணு. பக்கத்துப் பலகையில் வைத்துப் பார். இரண்டும் ஒரே மாதிரி குளிர்ந்திருந்தால் எனக்கு எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சூடாக இருந்தால் தீ மூட்டக் கூடாது. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை டிங்லியோடு கரைக்குப் போய் அவர் கடையிலிருந்து உங்களுக்குப் போன் செய்தேன். வின்ஸ்லோ எடுத்தான். என் குரலைக் கேட்டதும், "ரோடா தோட்டத்துல இருக்கா, பித்தளைப் பலகை வச்சதுக்கப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டான். உன்னிடம் சொன்னானா?

ஏனோக்


லேத்தம் வீடு
7 அக்டோபர், செவ்வாய்

ஏனோக்,

போன் வந்ததை அவர் சொல்லவில்லை. கேட்டேன். "மறந்துட்டேன்" என்றார். மறக்கிற ஆள் இல்லை அவர்.

இன்று காலை ஆறு மணிக்குக் கை வைத்தேன். மற்ற பலகைகள் ஐஸ் மாதிரி. மூன்றாவது, காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி. இருபது எண்ண முடியவில்லை, பயத்தில் பத்திலேயே எடுத்துவிட்டேன். வின்ஸ்லோவை எழுப்பி வரச் சொல்லி அவர் கையையும் வைக்கச் சொன்னேன். வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு, "ராத்திரி அடுப்புச் சாம்பல் சூடு. செங்கல் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும்னு உன் அண்ணனுக்கே தெரியும்" என்றார். போய் விறகு கொண்டுவந்தார். மூட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் பதினொரு நாள்தான் மிச்சம். வீட்டின் வயதைப் பார்க்க வரும் நிபுணர் பதினாறாம் தேதி வருகிறார். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன். நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். 'மூன்றாவது பலகை, தோள் உயரம்.' உனக்கு எப்படித் தெரியும்? சும்மா பழைய வீடு, பழைய மரம் என்றால் எல்லாப் பலகையும்தானே ஆபத்து? சரியாக அந்த இடத்தை எப்படிச் சொன்னாய்?

பதில் சொல். இந்தத் தடவை தட்டைப் பார்க்காதே.

ரோடா


ரேவன் தீவு
10 அக்டோபர், வெள்ளி

ரோடா,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. டிங்லி அரை மணி நேரம் தந்திருக்கிறார். சொல்லிவிடுகிறேன்.

1930. மாநிலத்துக்கு முந்நூறு வருடக் கொண்டாட்டம் என்று கோடை முழுக்க ஊர் ஊராகக் கூட்டம் வந்ததே, அந்த வருடம். உனக்குக் கல்யாணமாகி முதல் வசந்தம். உன் மாமனார் என்னைக் கூப்பிட்டு, பிற்காலத்தில் அடைத்து வைத்திருந்த கணப்பைப் பிரித்து, ஆதியில் இருந்த அகலத்துக்குத் திறந்துவிடச் சொன்னார். உன் அண்ணன் என்பதால் கிடைத்த வேலை. எனக்கு இருபத்துநாலு வயது.

வாய்க்கு மேலே கிடக்கும் ஓக் விட்டத்தின் இடது முனை அந்த மூன்றாவது பலகைக்குப் பின்னால் செங்கலுக்குள் போகிறது. மரத்துக்கும் புகைக் குழிக்கும் நடுவில் இரண்டு வரிசைச் செங்கல் இருக்க வேண்டும், நடுவே இடைவெளி வேண்டும். பழைய செங்கல் தீர்ந்துபோயிற்று. புதுச் செங்கல் வாங்கலாம் என்றேன். பெரியவர், "புதுசு வச்சா பல் கட்டின கிழவி மாதிரி இருக்கும், இருக்கிறதை வச்சு முடிடா" என்றார். மறுவாரம் பார்வையாளர்கள் வர இருந்தார்கள். நான் ஒரே வரிசை வைத்தேன், அதுவும் செங்கலை நிமிர்த்தி, பாதித் தடிமனில். களிமண் பூசினேன். பலகையை மாட்டினேன். வெளியே பார்க்க அழகாக இருந்தது. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அடுத்த வசந்தத்தில் வந்து சரி செய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வசந்தம் போயிற்று. ஆகஸ்டில் அந்தச் சாப்பாட்டு மேசையில் சொல்ல வந்தேன். குழுவினர் இருந்தார்கள். வாய் வரவில்லை, கோபம் வந்தது.

இப்போது கவனமாகப் படி. நீ சொல்வதைப் பார்த்தால் மரத்துக்குள் நெருப்பு இருக்கிறது. சுடர் இல்லாமல், கரியாக, மெல்ல மெல்லத் தின்றுகொண்டு. காற்று கிடைக்காததால்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பலகையை நீங்களாகத் திறக்காதீர்கள். யாரையும் திறக்க விடாதே. முதலில் வீட்டைக் காலி செய். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு. குழாயில் தண்ணீர் வந்து தயாராக நின்ற பிறகு, அவர்கள் திறக்கட்டும்.

இந்தக் கடிதத்தை வின்ஸ்லோவிடம் காட்டு. குழுவிடம் காட்டு. என் பெயரைச் சொல்.

நானே வந்திருப்பேன். புகைபோக்கி பாதியில் நிற்கிறது, வடகிழக்குக் காற்று வரும்போல் இருக்கிறது, திறந்தபடி விட்டுவிட்டு வர முடியாது.

ஏனோக்


லேத்தம் வீடு
12 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள ஏனோக்,

உன் பதில் இன்னும் வரவில்லை. நாளை விடுமுறை, தபால் கிடையாது. வருவதற்குள் நானே ஒன்று செய்துவிட்டேன். நீ சிரிப்பாயோ திட்டுவாயோ.

நேற்றுக் காலை விழாக் குழு முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் காபித் தட்டை வைத்துவிட்டு, "அந்த மூணாவது பலகையைக் கழட்டிப் பார்க்காம இந்த வீட்டுல இனி ஒரு குச்சிகூட எரியாது" என்று சொன்னேன். இருபத்துமூன்று வருடத்தில் அந்தக் கூடத்தில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வின்ஸ்லோ முகம் சிவந்துபோயிற்று. ஆனால் மறுக்கவில்லை. தானே போய்த் தச்சரைக் கூட்டிவந்தார்.

பலகையைக் கழற்றினார்கள். உள்ளே ஒரே வரிசைச் செங்கல். இரண்டு செங்கல் சரிந்து கிடந்தன. அதற்குப் பின்னால் விட்டத்தின் முனை, கன்னங்கரேலென்று, முதலைத் தோல் மாதிரி வெடித்துப்போய். தச்சர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான். புகையும் இல்ல, கங்கும் இல்ல. பழைய கரி" என்றார். உளியால் குத்தினார், பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பொறிகூட இல்லை. குழுத் தலைவர், "ரோடா, உங்க அண்ணன் கிளப்பிவிட்ட பூதம் இதுதானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வின்ஸ்லோ சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "விழா முடிஞ்ச மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு இதைச் சரி பண்ணிடறேன். வேணும்னா ஏனோக்கையே கூப்பிடு, வரட்டும்" என்றார். அதுவரைக்கும் சரிந்த செங்கலைச் சும்மா அடுக்கி வைத்துப் பலகையைச் சாத்தி வைத்திருக்கிறது. ஆணி அடிக்கவில்லை, நிபுணர் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று.

ஆக, உன்னால் நான் ஊர் முன்னால் அசடாகிவிட்டேன். ஆனாலும் நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன். நாளை விடுமுறைக் கூட்டம் பெரிதாக வரும். ஐம்பது டோனட் பொரிக்க வேண்டும்.

அவர் உன்னை வரச் சொன்னதை மறந்துவிடாதே.

உன் அன்புத் தங்கை
ரோடா


பெக்கெட் வீடு
20 அக்டோபர், திங்கள்

ஏனோக்,

முகவரியைப் பார். பெக்கெட்தான் முதலில் வந்தார். கம்பளியைப் போர்த்தி, ஒரு வார்த்தை கேட்காமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாடி அறையைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த அறையிலும் ஒரு கணப்பு இருக்கிறது. நான் இருக்கும்வரை அதை மூட்டுவதில்லை என்று அவர் மனைவி சொன்னாள்.

செய்தித்தாளில் வந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன்.

13ஆம் தேதி திங்கள். பதினொரு மணிக்குள் நூறு பேர். குளிர் என்பதால் வின்ஸ்லோ நிறையக் கட்டை போட்டிருந்தார். நான் முற்றத்தில் ஆப்பிள் சைடர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் கிண்ணம் வேண்டும் என்று உள்ளே போனேன். மூன்றாவது பலகையைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு வெளிச்சக் கோடு. ஜன்னல் வெயில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு வெயிலே இல்லை, ஏனோக்.

நான் கத்தியதும் பலகை தானாகக் கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சுவருக்குள்ளேயே மேலே ஏறிவிட்டது. கூடத்தில் இருந்தவர்களை வின்ஸ்லோ கதவு வழியாகத் தள்ளித் தள்ளி வெளியே அனுப்பினார். எண்ணிப் பார்த்தால் ஓஹையோவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இல்லை. மாடியில் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் படியில் ஏறினார். நான் அவர் மேலங்கியைப் பிடித்தேன். "விடு ரோடா, என் வீட்டுக்கு வந்தவங்க" என்றார்.

பின்பக்க ஜன்னல் வழியாக இரண்டு பேரையும் சாய்ப்புக் கூரையில் இறக்கிவிட்டார். மகளுக்கு ஒரு கை முறிந்தது, தாய்க்கு ஒன்றும் இல்லை. பிறகு அவர் முகம் ஜன்னலில் தெரிந்தது. "தள்ளி நில்லு, புகைபோக்கி சாயுது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். குரலில் பயமே இல்லை. பந்திக்கு ஆள் உட்கார்த்துகிற குரல். திரும்பி ஒரு தடவை உள்ளே பார்த்தார். அவ்வளவுதான். அத்தனை செங்கலும் உள்பக்கமாக இறங்கியது.

வண்டி பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. பக்கத்துக் கடல் கழியில் நீர் வற்றிய நேரம். குழாய் சேற்றைத்தான் உறிஞ்சியது.

வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். வீட்டின் வயதைப் பார்க்க வந்த நிபுணரும் அன்றுதான் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் நின்றார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வீட்டு எண்ணைத் தேடி வந்து, கரித் தூண்கள் முன்னால் நின்ற என் கையில் கொடுத்தார். 'திறக்காதே' என்ற இடத்தில் வந்து நின்றேன். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. பெக்கெட்டின் மனைவிதான் மீதியைப் படித்துக் காட்டினாள்.

திறக்கச் சொன்னது நான். காற்றை உள்ளே விட்டது நான். மூட்டியது அவர். ஒரு வரிசை வைத்தது நீ. இதில் யாருடையது எவ்வளவு என்று இரவும் பகலும் பிரித்துப் பார்க்கிறேன், பிரிய மாட்டேன் என்கிறது. ஆனால் ஒன்று உன்னுடையது மட்டும்தான். பத்தாம் தேதி அந்தத் தீவுக்குப் படகு வந்தது. கடிதம் அதில் ஏறியது. நீ ஏன் ஏறவில்லை? அன்று ஏறியிருந்தால் சனிக்கிழமைக் காலை, குழு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், நீ கூடத்து வாசலில் நின்றிருப்பாய்.

மாநிலத் தீ விசாரணை அதிகாரி 27ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஊர் மண்டபத்தில் விசாரிக்கிறார். கணப்பைக் கட்டியது யார் என்று கேட்டார். என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது என் கைப்பையில் இருக்கிறது. கொடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது.

ரோடா


டிங்லியின் கடை, கரை
24 அக்டோபர், வெள்ளி

ரோடா,

போன வெள்ளி படகில் உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதமும் செய்தித்தாளும் சேர்ந்து வந்தன. வின்ஸ்லோ என்னை வரச் சொன்னான் என்ற கடிதமும், வின்ஸ்லோ செத்துப்போன செய்தியும் ஒரே கட்டில். எதை முதலில் பிரித்தேன் என்று கேட்காதே.

அன்றைக்கும் நான் ஏறவில்லை. செவ்வாய்ப் படகு வந்தது, போயிற்று. அதிலும் ஏறவில்லை. டிங்லிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஆள் புரிந்துகொண்டார். இன்று உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுறியா இல்லையாப்பா? காத்து மாறுது" என்றார். ஏறினேன்.

நீ கேட்டதற்குப் பதில். பத்தாம் தேதி புகைபோக்கி பாதியில் நிற்கவில்லை. வியாழக்கிழமையே முடித்துவிட்டேன். காற்றும் இல்லை. கடல் தட்டு மாதிரி கிடந்தது. படகில் இடம் இருந்தது. உன் வாசலில் நின்று வின்ஸ்லோவின் முகத்தைப் பார்த்து, "உன் வீட்டுல நான்தான் தப்பா கட்டினேன்" என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. காகிதத்தில் சொல்லிவிட்டால் அவர்கள் படித்து, திட்டித் தீர்த்த பிறகு போகலாம் என்று நினைத்தேன். எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது. அந்த அவகாசத்தில்தான் நீ திறந்தாய். திறந்தது உன் பங்கில் சேராது. அதை என் பக்கம் போடு.

நாளை மறுநாள் காலை பஸ். ஞாயிறு இரவு ஊரில் ஒரு விடுதியில் தங்கிக்கொள்கிறேன், உன் பக்கம் வர மாட்டேன். திங்கள் பத்து மணிக்கு மண்டபத்தில் எழுந்து என் பெயரைச் சொல்வேன், வருடத்தைச் சொல்வேன், எத்தனை வரிசை வைத்தேன் என்று சொல்வேன். படகைப் பற்றி அதிகாரி கேட்க மாட்டார், அவருக்குத் தெரியாது. அதையும் சொல்வேன். கைப்பையில் இருப்பதை நீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதில் உள்ளது என் வாயால் வரும்.

நீ எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்கார். என்னைப் பார்க்க வேண்டாம். கேட்டால் போதும்.

ஏனோக்